ஒரே ஒரு எழுத்துப்பிழை

ஜெசிந்தா டீச்சர் மூன்றாம் வகுப்புக்குத் தயாரிக்கும் ஒவ்வொரு பயிற்சித்தாளிலும், வேண்டுமென்றே ஒரே ஒரு எழுத்துப்பிழையை ஒளித்துவைப்பாள். ஒருநாள் 'வாளைப்பழம்', இன்னொருநாள் 'பல்லிக்கூடம்'. முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அன்று முழுக்க அவளுடைய சிவப்புப் பேனா. அந்தப் பேனாவுக்காகவே பிள்ளைகள் ஒரு வரி விடாமல் படித்தார்கள்.

தலைமையாசிரியர் சௌந்தரபாண்டியன்தான், சொல்லிக்கொடுத்தால் தானே எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"ஒங்க தாளையெல்லாம் இதுக்குக் காட்டுங்க டீச்சர். இனிமே அதுவே தயார் பண்ணிரும். ஒங்களுக்கு வேலை மிச்சம்."

ஜெசிந்தா நம்பினாள். இரண்டு வருடமாகத் தினமும் பள்ளி விட்ட பிறகும் உட்கார்ந்து அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். பிழையை எங்கே ஒளிப்பது, ழகரம் வராத ரபீக்குக்கு எதைக் கொஞ்சம் சுலபமாக வைப்பது என்பதுவரை ஒன்றையும் மறைக்கவில்லை.

இன்று காலை தலைமையாசிரியர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நீட்டினார்.

"மேலேருந்து வந்த ஆர்டர் டீச்சர். என் கையில ஒண்ணுமில்ல."

'தங்கள் வேலைப்பழு முற்றிலும் நீங்கிவிட்டதால், தாங்கள் இன்றுமுதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.'

ஜெசிந்தா ஒரு வரி விடாமல் இரண்டுமுறை படித்தாள். தாள் முழுவதிலும் வேறு பிழை இல்லை. சிவப்புப் பேனாவைத் திறந்து, 'பளு' என்றிருக்க வேண்டிய இடத்தில் இருந்த 'ழு'வைச் சுழித்து, தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மேலேருந்து வரல சார். என் மேசையிலேருந்துதான் வந்திருக்கு."