சிக்கனக் குடும்பம்

“என்ன ஒரு குடும்பம்யா இது!” மேலாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “ஃபிரிட்ஜ் ஓடல. ஹீட்டர் போடல. பகல் பூரா பொட்டுக் கரண்ட் இல்ல. இந்தக் காலத்துல இப்படியும் மனுஷங்களா?”

வீட்டு மின்சாரத்தை அளந்து மிச்சம்பிடிக்கச் சொல்லித்தரும் மீட்டர் விற்கிற கம்பெனி அது. மக்கள் தொடர்புப் பிரிவில் பயிற்சிக்கு வந்திருந்த அவள்தான், மீட்டர் கணக்குகளையெல்லாம் அலசி, இருப்பதிலேயே குறைவாகச் செலவழித்த வீட்டைப் பிடித்திருந்தாள். பட்டியலில் பேர் கிடையாது, முகவரி கிடையாது. வெறும் மீட்டர் எண்.

மேலாளர் திரையில் விரலை ஓட்டினார். “இத பாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் எல்லா லைட்டும் எரியுது. கொஞ்ச நேரத்துல திரும்ப இருட்டு. சொந்தபந்தம் வருவாங்க, கூடி உக்காந்து பேசுவாங்க. குடும்பம்னா அப்படி இருக்கணும்!”

அவள் தலையாட்டினாள்.

“பத்திரிகைக்கு இதுதான் செய்தி. அட்ரஸ் நான் எடுத்துத் தரேன். அவங்க வீட்டுப் போட்டோவோட வா, உனக்கு இங்க வேலை நிச்சயம். வெறுங்கையோட வந்தா, நீ வேற இடம் பாத்துக்கோ.”

கிளம்புமுன் ஆபீஸ் வெந்நீரை ஃபிளாஸ்க்கில் பிடித்துக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தாள்.

“சாப்டியாடி?”

“ஆச்சும்மா. எல்லாரும் சேர்ந்துதான் சமைச்சோம். வீட்ல ஒரே கூத்து.”

“போன ஞாயித்துக்கிழமை வீடியோல பாத்தேனே, வீடு என்னமா ஜொலிச்சுது! ஆனா உன் ஃப்ரெண்ட்ஸத்தான் ஒருநாளும் கண்ல காட்ட மாட்டேங்கற.”

“நீ பேசற நேரம் பாத்து வெளிய போயிடறாங்கம்மா.”

“சரி சரி. உன் வேலை பேப்பர்ல வந்தா உடனே அனுப்பு. எல்லார்கிட்டயும் காட்டணும்னு அப்பா துடியா துடிக்கறாரு.”

காரைப் போட்டோகிராபர் ஓட்டினார். முகவரிச் சீட்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. “கட்டட ஓனர் சரின்னுட்டாராம். குடியிருக்கறவங்கள நேர்ல கேட்டுக்கச் சொன்னாரு.”

வண்டி ஒரு குறுகலான தெருவுக்குள் திரும்பியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அண்ணே, இன்னொரு நாள் வரலாமே. வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க.”

“நீ என்ன ஜோசியமா பாக்கற? அவ்ளோ பெரிய குடும்பத்துல ஒருத்தர்கூடவா இல்லாம போயிடுவாங்க?”

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறினார். கடைசிக் கதவு. பெல்லை அழுத்தினார், சத்தமே வரவில்லை. தட்டினார். காதை வைத்துப் பார்த்தார்.

“ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. இனி உன் மேனேஜர்கிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கறது? வா, போலாம்.”

அவள் நகரவில்லை. ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டாள்.

“கொஞ்சம் தள்ளுங்கண்ணே, சாவி எங்கிட்டதான் இருக்கு.”