கண்ணாடிக் காசு

“வேலைய உட்டுருவீங்கல்லங்க?”

பெண் பார்க்க வந்தவன் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அப்பா தலையாட்டிவிட்டார்.

மினிபஸ் கண்டக்டர் வேலை. பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் போக வர. பிடிவாதம் பிடித்து, லைசென்ஸ் எடுத்து, வாங்கிய வேலை. தோல் பையைத் தோளில் மாட்டியதும் அவளுக்கு முதுகு தானாக நிமிரும்.

அந்தப் பை இப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. வந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அம்மா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்திருந்தாள்.

அவன் மடியில் நீலப் பெட்டி ஒன்று. காபி டம்ளரை எட்ட நகர்த்திவிட்டுத்தான் திறந்தான்.

வெல்வெட் குழிகளில் காசுகள். ஒவ்வொன்றும் தனித்தனிச் சிமிழுக்குள்.

சேர்த்துவைப்பவர்களுக்கென்றே நாணயச் சாலையில் தனியாக அடிப்பது என்று அப்பாவிடம் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் கூச்சம் விலகியது. கடைக்குப் போகிற காசுக்கு ஒரே அடி. அடிபட்டதும் தொட்டியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அங்கேயே தழும்பு வாங்கிவிடும். இது அப்படியில்லை. வெறும் வில்லையாக இருக்கும்போதே மெருகேற்றுவார்கள். அச்சுக்கும் மெருகு. ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைத்து, நிதானமாக, அடித்த இடத்திலேயே இன்னொரு அடி. அதனால்தான் உருவம் பனி படர்ந்தது போலவும், சுற்றியிருக்கும் இடம் கண்ணாடி போலவும் நிற்கிறது.

அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

“இதையக் கடையில குடுத்தா வாங்குவாங்களா?” என்றார் அப்பா.

அவன் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கடையிலயா! விரல் பட்டாலே போச்சுங்க. என்ர பையன் தூசி அண்ட உடமாட்டான். வர்றவளையும் இப்புடித்தான் வெச்சுக்குவான். வெயிலே படாது, பாத்துக்கங்க.”

அப்பா மறுபடி தலையாட்டினார். இந்த முறை கண் கலங்கியிருந்தது. சித்திரை வெயிலில் அவள் பஸ் படிக்கட்டில் தொங்குவதைப் பார்த்தவர் அவர்.

அவள் கைக்கு வருகிற காசுகளுக்கு முகம் தேய்ந்திருக்கும். பூக்கார அக்கா கொடுப்பது ஈரமாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே இறுக்கிப் பிடித்து வருவது, சுடும். மற்ற பஸ்களில் செல்லாது என்று தள்ளிவிடும் பத்து ரூபாய்க் காசையும் அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள்.

அவன் வெள்ளைக் கையுறை மாட்டினான். ஒரு காசைச் சிமிழிலிருந்து எடுத்தான். விளிம்பை மட்டும் பிடித்து அவள் பக்கம் நீட்டினான்.

“உங்க முகம் தெரியும், பாருங்க.”

தெரிந்தது.

அசையாமல், சின்னதாக.

பஜ்ஜித் தட்டை அப்போதுதான் வைத்திருந்தாள். கட்டைவிரலில் எண்ணெய் மினுங்கியது. முந்தானை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

டிக்கெட்டுக்கு வாங்குவது போல வாங்கினாள். கண்ணாடியின் நடுவில் விரலை வைத்து, நன்றாக அழுத்தி.

பழக்கதோஷம் என்று பிற்பாடு அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள்.

“ஐயய்யோ, கண்ணு!” என்று அவன் அம்மா கைக்குட்டையை நீட்டினாள். அவன் வேண்டாமென்று கை காட்டிவிட்டு, காசை விளிம்பில் பிடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டான். துடைத்தால் கீறிவிடும். துடைக்காவிட்டால் ரேகை அப்படியே ஊறி நிற்கும்.

அப்பாவின் தலை இப்போது எந்தப் பக்கமும் ஆடவில்லை.

அவள் கதவில் சாய்ந்தாள். கதவு நகர்ந்து இடித்ததில் பைக்குள் சில்லறை குலுங்கியது.

கையை நீட்டிப் பையின்மேல் கிடந்த துண்டை உருவினாள்.

கட்டைவிரலை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

அவன் பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். காசைச் சிமிழில் வைத்து மூடினான். பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கிப் போனான்.