வெள்ளரிக் காட்டு முனியப்பன்

"நாலு வெள்ளரிப் பிஞ்சுக்காகச் சாமியவே காவலுக்கு வெச்சுட்டீங்களா?"

காங்கேயத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சாரதாமணி அன்றைக்குச் சாயங்காலம்தான் திரும்பியிருந்தாள். கையிலிருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

ரோட்டோர வேலி நெடுகச் சிவப்புத் துணி. துணிக்குத் துணி குங்குமம் அப்பிய எலுமிச்சம்பழம். நடுவில் ஒரு கல்லை நட்டு, அதற்குத் திருநீற்றுப் பட்டை வேறு.

"மெதுவாப் பேசு புள்ள, ஆளுங்க வாராங்க" என்றார் அவள் வீட்டுக்காரர் கிட்டுசாமி.

பனியன் கம்பெனி விட்டு பஸ் ஏறப் போகிற கூட்டம். போகிற போக்கில் வேலிக்குள் கையை விட்டு, ஒரு பிஞ்சைக் கிள்ளிக் கடித்துக்கொண்டே நடப்பது அவர்களுக்குப் பழக்கம். அதைப் பார்த்தால் கிட்டுசாமிக்கு வயிறு எரியும்.

இன்று ஒரு கை நீளவில்லை. வடக்கத்திக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைக் கும்பிட்டுப் போனார். எலுமிச்சம்பழத்தைப் படிக்கத் தமிழ் வேண்டுமா என்ன?

கிட்டுசாமி மீசைக்குள் சிரித்தார். சாரதாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வருசம் மருந்தே அடிக்காம, 'மருந்து அடிச்சிருக்குது, பறிக்காதீங்க'ன்னு போர்டு வெச்சீங்க. ஒருத்தரும் சட்டை பண்ணல. இப்ப சாமி பேர்ல பொய்யுங்களா? கிருத்திகை தவறாம விரதம் இருக்கறவ நானு. இந்தப் பாவம் என்ற தலையிலயுமல்ல வந்து விடியும்!"

"நாஞ் சொல்றதக் கேளு..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்க."

கூட்டத்தின் கடைசியில் சித்ரகலா வந்தாள். கம்பெனியில் டெய்லர். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. வேலியோரம் நின்று, பிஞ்சையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, ஆசையா இருக்குதா?" என்றாள் சாரதாமணி.

"ஆமாங்கக்கா. வாய்க்கு எதுவுமே புடிக்க மாட்டீங்குது. வெள்ளரின்னு நெனச்சாலே எச்சி ஊறுது. ஆனா முனியப்பனுக்கு நேந்து உட்டதாம்ல? தொட்டா வாய் கோணிக்கும்னு அண்ணன் சொன்னாருங்க."

சாரதாமணி கணவனை ஒரு பார்வை பார்த்தாள். மாசமா இருக்கற புள்ளைக்குமா?

"முனியப்பனுமில்ல, ஒண்ணுமில்ல. இவரே நட்டு வெச்ச கல்லு. நீ தின்னு கண்ணு."

கொடியை விலக்கி, கைநிறையப் பிஞ்சு பறித்து வேலிக்கு மேலாக நீட்டினாள். சித்ரகலா வாங்கி, ஒன்றைத் துப்பட்டாவில் துடைத்து வாய்க்குக் கொண்டு போனாள்.

கிட்டுசாமி பாய்ந்து வந்து அத்தனையையும் பிடுங்கி முள்ளுக்குள் வீசினார்.

"ஏனுங்க! நீங்கெல்லாம் மனுசந்தானுங்களா?"

"மருந்து அடிச்சிருக்குது புள்ள! நெசமாவே அடிச்சிருக்குது!"

கலங்கி நின்ற சித்ரகலா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அட போங்கண்ணா! போன வருசமும் இதையேதானுங்க போர்டுல எழுதியிருந்தீங்க. கம்பெனியில எங்க தையல் லைன்ல அத்தன பேரும் தின்னோம். ஒரு வயித்துவலி உண்டா? அப்படியே அடிச்சிருந்தாலும் குழாய்ல கழுவித் தின்னுக்கறனுங்க."

கிட்டுசாமி மனைவி பக்கம் திரும்பினார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"இலையெல்லாம் மஞ்சப்புள்ளி, அடியில சாம்பலாட்டப் பூஞ்சாணம். முந்தாநேத்துதான் அடிச்சேன். இது மேலாப்புல நிக்கற மருந்தில்ல புள்ள. இலை குடிச்சு, கொடிக்குள்ள ஓடி, காய்க்குள்ளயும் போயிரும். கழுவுனாப் போகாது. ஒரு வாரம் போகோணும், அப்பறந்தான் பறிக்கோணும்னு மருந்துக்கடையில சொல்லி உட்டாங்க. இந்த வருசமும் மொதல்ல போர்டுதான் வெச்சேன். படிச்சுச் சிரிச்சுட்டே கைய உட்டாங்க. வேற வழி தெரியாமத்தான் கல்ல நட்டேன்."

சாரதாமணி முள்ளுக்குள் கிடந்த பிஞ்சுகளைப் பார்த்தாள். தன் கையாலேயே அல்லவா பறித்துக் கொடுத்தாள்!

அதற்குள் சித்ரகலாவின் கை வேலிக்குள் நுழைந்திருந்தது. "அக்காவே சொல்லிட்டாங்க, சாமியெல்லாம் சும்மான்னு. இனி எங்களுக்கென்ன பயம்? நாளைக்கு லைன்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப் போடறேன்!"

சாரதாமணி அந்தக் கையை இறுகப் பிடித்தாள். கண்ணை மூடி, வாய்க்குள் முருகனிடம் என்னவோ முணுமுணுத்தாள். பிறகு கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்தாள்.

"வேண்டாங் கண்ணு, உனக்கு நான் சந்தையில வாங்கித் தாரேன்."

"ஏனுங்கக்கா, அண்ணன் நட்ட கல்லுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"நட்டது இவருதான் கண்ணு. நடச் சொன்னது ஆருன்னு நெனைக்கறே? காங்கேயத்துல நான் படுத்திருக்கறேன், என்ற கனவுலயே வந்து நின்னாரு முனியப்பன்!"