இடப்பக்கக் கைப்பிடி

சிவகாசிக் கடையில், மடக்கு டிரெட்மில்லின் இடப்பக்கக் கைப்பிடியை மட்டும் மூன்றாவது முறையாக ஆட்டிப் பார்த்தார் ஜாபஸ்.

"மடக்கிச் சுவரோரமா நிறுத்திரலாண்ணே. ஒரே மாசத்துல அஞ்சு கிலோ குறையும்," என்றார் கடைக்காரர்.

"எடையெல்லாம் குறைய வேண்டாம். இதைவிட மெதுவா ஓடுமா?"

"இதுக்கு மேல மெதுவான்னா நின்னுதான் போகும். யாருக்குண்ணே வாங்குறீக?"

"என் வீட்டுக்காரிக்கு. வெளிய ஆட்டோல இருக்கா."

"அப்ப அக்காவையே ஏறிப் பாக்கச் சொல்லுங்க."

ஆட்டோ டிரைவரின் தோளை இடது கையால் பற்றியபடி, காலை இழுத்து இழுத்து வந்தாள் பாக்கியவதி. பக்கவாதம் வந்த ஐந்து மாதமாக அவளுடைய வலது கை அசையவே இல்லை.

வாசலில் அவள் நின்றாள். தொங்கிக் கிடந்த வலது கை மெல்ல மேலே வந்து, கதவிலிருந்த பித்தளைத் தகட்டில் பதிந்தது.

பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன், உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க, வாசலிலுள்ள தாமிரத் தகட்டைத் தொட்டாக வேண்டும். இருபத்திரண்டு வருடம் அப்படித் தொட்ட கை அது.

"பாக்கியம், உன் கையப் பாரு," என்றார் ஜாபஸ்.

அவளும் அப்போதுதான் பார்த்தாள்.

ஜாபஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய், வலப்பக்கக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்.