ரத்தம் ஒன்று, உடம்பு ஒன்று

"ரெண்டு கையையும் நீட்டுங்க," என்றார் டாக்டர்.

தையல்காரி நீட்டினாள். விரல்கள் துளிகூட நடுங்கவில்லை.

டாக்டர் விரல்களைப் பார்த்தார். மேசையில் கிடந்த தைராய்டு ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி விரல்களைப் பார்த்தார்.

ரிப்போர்ட்டின்படி அவளுடைய தைராய்டு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. கை நடுங்க வேண்டும், நெஞ்சு படபடக்க வேண்டும், ஆள் இளைக்க வேண்டும்.

அவளோ மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தையல் மிஷின்மேலேயே தூங்கி விழுகிறாள். சில மாதங்களாக ஊராருக்குத் தைத்ததைவிடத் தன் துணிகளைப் பிரித்துப் பெரிதாக்கியதுதான் அதிகம்.

லேப்பில் ஏதோ குளறுபடி என்று வேறு லேப்பிலும் கொடுத்துப் பார்த்தாயிற்று. அங்கேயும் அச்சுப் பிசகாமல் அதேதான்.

எதை நம்புவது? ரத்தத்தையா, உடம்பையா?

தைராய்டை அடக்கும் மாத்திரையை எழுதப்போன டாக்டர் பேனாவை நிறுத்தினார். ஏற்கெனவே மந்தமாகக் கிடக்கும் உடம்பை இன்னும் அடக்கினால் ஆள் படுத்த படுக்கையாகிவிடக்கூடும்.

"முடி வளர மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? சிலது ரத்தத்துல இருந்தா இந்த டெஸ்ட் தலைகீழா காட்டும்."

"ஐயோ, அதெல்லாம் இல்ல டாக்டர். இவர் தர்ற சத்து மாத்திரை மட்டுந்தான்."

பக்கத்தில் இருந்த கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"அது சத்து மாத்திரை இல்ல டாக்டர். முடிக்குத்தான். நான்தான் டப்பாவை மாத்தி வச்சேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குப் புது வண்ணம் அடித்தால்கூடக் கண்ணில் படாத மனிதர் இவர்.

முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியதும், அதை இவரிடமிருந்து மறைப்பதுதான் அவளுடைய முதல் வேலையாக இருந்தது. வெட்கம், பயம், எல்லாம்தான். விடியுமுன் எழுந்து, இவர் தூக்கம் கலையாமல், தலையணையில் கிடப்பதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துணி வெட்டிய குப்பையோடு சேர்த்துவிடுவாள்.

அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அவள் காதில் பாதிதான் விழுந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கணவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ பொறுக்குறப்பல்லாம் நான் முழிச்சுதான் படுத்திருந்தேன்."