கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கை

அம்பத்தூர் ஸ்கேன் மையத்தின் சின்ன அறையில் கன்னியம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். மார்பிலிருக்கும் புற்றுநோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று காட்டப்போகும் கதிர்மருந்தை இப்போதுதான் அவள் கையில் ஏற்றியிருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் மதிவதனி அந்த மருந்தைக் கண்டுபிடித்தவள். காப்புரிமை அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதை ஏற்றிக்கொண்ட ஒருவரை இன்றுதான் நேரில் பார்க்கிறாள். கன்னியம்மாவின் தாடை மெல்ல அசைகிறது. "யக்கா, வாயில இன்னா, பாக்கா?" என்று மைக்கில் கேட்கிறாள் நர்ஸ் ரேணுகா. "துப்பிடு. மென்னுகினே இருந்தா மருந்து தாடைக்கும் போயி, அதுவும் படத்துல மின்னும். அங்கயும் நோவு கீதுன்னு ஆயிடும்." "பயத்துல போட்டுகினேம்மா," என்று காகிதக் கப்பில் துப்புகிறாள் கன்னியம்மா. "பேசவும் கூடாதுக்கா. ஒரு மணி நேரம்." விளக்கைத் தணிக்கிறார்கள். ஆவடி பக்கம் போகும் ரயிலின் சத்தம் வந்து தேய்கிறது. கன்னியம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக் கூடாரம்போல் மூடிக்கொண்டு, ஊசி போட்ட கையை அதற்குள் வைத்து, மின்னுகிறதா என்று பார்க்கிறாள். பிறகு தலையை வெளியே நீட்டி, ஒன்றுமில்லை என்று உதட்டைப் பிதுக்குகிறாள். அது மின்னுவது கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத்தான் தெரியும். பதினொரு வருடமாக அந்த மருந்தை மின்னவைக்கவே பாடுபட்ட மதிவதனி, கண்ணாடியில் நெற்றி படக் குனிந்து, எதுவும் மின்னாத அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.