செல்லக்கிளியின் கட்டி

கதை எழுதத் துணிந்த என்னை வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கடற்கோள் வந்து மூன்றாவது வாரம். செட்டிபாளையம் அகதி முகாமில் தொண்டர் பிரதீஸ் குடும்ப விபரங்களைப் பதிந்துகொண்டிருந்தார். மீனவர் நல்லரத்தினம் கைத்தொலைபேசியை உயர்த்தியபடி ஓடி வந்தார்.

“தம்பி, செல்லக்கிளிக்குக் கட்டி கரைஞ்சிற்று! சிங்கப்பூரில இருந்து மகள் இப்பதான் சொன்னாள். சரிவராட்டி படிப்பை விட்டுட்டு வாறனெண்டு நிண்டவள். இனி அங்கயே படிப்பாள்!”

முகாமே கைதட்டியது.

“சத்திரசிகிச்சையா, ஐயா?”

“கத்தியே வைக்கல்ல! நனோத் துகள் எண்டு, கண்ணுக்குத் தெரியாத பொடி. ஊசியால ஏத்தினா கட்டிக்குள்ள போய்த் தங்குமாம். பிறகு காதுக்குக் கேக்காத சத்தத்தை வெளியில இருந்து அனுப்ப, அந்தப் பொடி விழிச்சுக் கட்டியை அழிக்குமாம். வெறும் சத்தத்துக்குக் கட்டி அசையவே இல்லையாம். பொடியும் சேந்த பிறகுதான் முழுக்கப் போச்சு!”

பிரதீஸ் மீண்டும் பேனையை எடுத்தார்.

“குடும்பத்தில நோயாளர் இருந்தாலும் பதிய வேணும், ஐயா. செல்லக்கிளி அம்மாக்கு எத்தினை வயசு?”

“நாலு மாசம்.”

பேனை நின்றது. “குழந்தையா?”

“வெள்ளெலி, தம்பி! மகள்ற ஆராய்ச்சி எலி!”

முகாம் குலுங்கிச் சிரித்தது. பிரதீஸும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“எலிக்கு ஆரையா இப்பிடிப் பேர் வச்சது?”

“என்ட மனிசிதான். மகளுக்குப் போனில சொல்லிக் குடுத்தவ.”

சிரிப்பு அடங்கியதும் நல்லரத்தினம் தம் இழப்புகளைச் சொன்னார். பிரதீஸ் எழுதினார்.

வீடு ஒன்று. தோணி ஒன்று. வலை மூன்று. மனைவி ஒருவர்.